எவ்ரி வானின் மூச்சுச் சத்தம்

தீவுப்பகுதி ஆட்கள் எல்லாருக்கும் டேர்போச் சத்தம் தெரியும். அதுக்குப் பெயர் டேர்போ என்றுதான் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் போகிற லேலண்ட் பஸ்ஸில் ஏறுங்கள். பண்ணை தாண்டி, கடலுக்கு நடுவே நீட்டிக் கிடக்கிற வீதியில் டிரைவர் அண்ணை கியரை மாற்றி மிதிக்கும்போது, எஞ்சினின் உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு 'ஊஊய்' எழும்பும். யாரோ தூரத்தில் விசில் அடிக்கிற மாதிரி. காலை விட்டால் அது இறங்கிச் செத்துப்போகும். என்ர தங்கச்சி சின்னனில் அதை "பஸ் பாடுது" என்பாள். மண்டைதீவுச் சந்தியில் நாங்கள் இறங்குகிற வரைக்கும் அது ஒரு பத்துத் தரமாவது பாடும்.

பஸ் தானாகப் பாடுகிறது. அதைப் பாட வைக்கக் காசு செலவழிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கட வீட்டிலேயே இருக்கிறார்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா. அவரிடம் ஒரு சுசுகி எவ்ரி வான் இருக்கிறது. விடிய நண்டும் றாலும் டவுனுக்குப் போகும். பிறகு கழுவிப்போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சனி ஞாயிறில் நயினாதீவுக்குப் போகிற ஆட்களைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏற்றுவது. வானின் பின்பக்கத்தில் டேர்போ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து ரேஸ் கார் என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் 658 சீசீ. ஜப்பானில் கேய் என்று ஒரு சின்ன வாகன வகை இருக்கிறது: எஞ்சின் 660 சீசீக்குள், நீளம் 3.4 மீற்றருக்குள். டேர்போ இல்லாத எவ்ரி 49 குதிரைவலு, டேர்போ உள்ளது 64. அந்த 64 கூடச் சும்மா வந்த எண் இல்லை. 1987 இல் அல்ட்டோ வேர்க்ஸ் என்ற குட்டிக் கார் 64 குதிரைவலுவோடு வந்த பிறகு, கேய் வாகனங்களை இதுக்கு மேலே கொண்டுபோகிறதில்லை என்று ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் அந்த எல்லைதான்.

15 குதிரைதான் வித்தியாசம். ஆனால் பத்துப் பிள்ளைகளையும் அவர்களின் புத்தகப் பைகளையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் பண்ணை வீதியில் போனவர்களுக்கு 15 குதிரையின் பெறுமதி தெரியும்.

இந்த வானை வாங்கிய காலமும் முக்கியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில். நடுவில் உள்ள ஐந்து வருடத்தில் இருந்த பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணா வாங்கியது அந்த நடுவில். லீசிங் இன்னும் முடியவில்லை. அதாவது, சத்தம் வரோணும் என்று அவர் கழற்றத் துணிந்தது விளையாட்டுச் சாமான் ஒன்றை இல்லை. பெரியம்மா வீட்டுச் சோற்றுப் பானையை.

"டிக்டொக்கில பார் பிள்ளை, இதே எஞ்சின்தான், என்ன சத்தம் எண்டு" என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பார்த்தேன். ஒரு ஜப்பான் பெடியன், இதே மாதிரி ஒரு டப்பா வான், மிதித்தால் 'ஸ்ஸ்ஸ்ஊஊ', விட்டால் 'ப்ஷ்ஷ்'. உண்மையைச் சொன்னால் நல்லாத்தான் இருந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்தை ஓ.எல்லோட விட்டவள்தான் நான், ஆனாலும் இது விளங்காத விசயம் இல்லை. எஞ்சின் வெளியே விடுகிற புகைக்கு ஒரு வேகம் இருக்கிறது. அது வீணாகத்தானே போகிறது, அதை வைத்து ஒரு காற்றாடியைச் சுற்றினால் என்ன என்று கேட்டவர் சுவிற்சர்லாந்து பொறியியலாளர் அல்பிரட் பூக்கி. காப்புரிமை எடுத்தது 1905 இல். புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மற்றப் பக்கத்தில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் எரிபொருளும் கூட எரியலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி வேலை செய்யும். அவ்வளவுதான் டேர்போ.

ஆனால் அந்தச் சக்கரம் சுற்றுகிற வேகம் இருக்கிறதே, அதுதான் என்னை விழுத்தினது. நிமிடத்துக்கு ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் சுற்று என்பது இந்தச் சின்ன டேர்போக்களுக்குச் சாதாரணம். ஒரு செக்கனுக்கு 2500 சுற்று. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள, ஒரு பெரிய சோடா மூடி அளவான சக்கரத்தை அந்த வேகத்தில் சுற்றினால், அதன் விளிம்பு செக்கனுக்கு 310 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஒலியின் வேகத்துக்குக் கிட்டக் கிட்ட. பிள்ளைகள் சீற்றில் இருந்து இடியப்பப் பார்சல் சாப்பிடுகிற வானில், அவர்களின் காலடியில் இது நடக்கிறது. எவ்ரியில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்கு அடியில்.

செக்கனுக்கு 2500 தரம் சுற்றுகிற சாமானில் எவ்வளவு சின்ன நிறைப் பிசகு இருந்தாலும் அது 2500 ஹேர்ட்ஸில் ஊதும். மனிதக் காது ஆகக் கூர்மையாகக் கேட்கிறது ஏறக்குறைய 2000 இல் இருந்து 5000 ஹேர்ட்ஸ் வரைக்கும். சரியாக அதுக்குள் விழுகிறது டேர்போவின் விசில். அதனால்தான் எஞ்சின் உறுமலுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்கிறது, தவில் அடிக்கு நடுவில் நாதஸ்வரம் கேட்கிற மாதிரி.

இந்த விசில் எல்லா டேர்போ வாகனத்திலும் இருக்கிறது. கம்பனிதான் அதை ஒளித்துவைக்கிறது. காற்று உள்ளே வருகிற வழியாலேயே சத்தம் வெளியே போகும். அந்த வழியில் முதலில் ஒரு மூடின பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குள் கடதாசி பில்டர். சத்தம் பெட்டிக்குள் விரிந்து பலம் கெடும். மிச்சத்துக்கு ரெசனேற்றர் என்று இன்னொரு வெற்றுப் பெட்டி, காற்றுக் குழாயில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டு இருக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சாமான் மாதிரி. சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சத்தம் வரும்தானே? அதே கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வைத்த கணக்கு. போத்தலின் அளவைச் சரியாகத் தெரிவுசெய்தால், அந்தக் குறிப்பிட்ட சத்தத்தை அது விழுங்கிவிடும்.

மற்றது, அந்த 'ப்ஷ்ஷ்'. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்தவுடன் காற்று வழியில் ஒரு தட்டு மூடிக்கொள்ளும். ஆனால் டேர்போ உடனே நிற்காது, அது இன்னும் காற்றைத் தள்ளிக்கொண்டு இருக்கும். போக இடமில்லாத காற்றை விடுவிக்க ஒரு வால்வு. கம்பனி வால்வு பொதுவாக அந்தக் காற்றைத் திருப்பி டேர்போவின் வாய்க்கே அனுப்பும், வெளியே கேட்காது. வெளியே ஊதுகிற வால்வு பூட்டினால் 'ப்ஷ்ஷ்'. வால்வே இல்லாவிட்டால் காற்று சக்கரத்துக்குள்ளாலேயே திரும்பி முட்டும். புறா இறகடிக்கிற மாதிரி 'துதுதுது' என்று கேட்கும். 2001 இல் வந்த 'தி பாஸ்ட் அண்ட் த பியூரியஸ்' வகைப் படங்களுக்குப் பிறகு பெடியள் மயங்கினது இதில்தான். பஸ்ஸில் விசில் மட்டும் கேட்டு 'ப்ஷ்ஷ்' கேட்காததுக்குக் காரணம், டீசல் எஞ்சினில் அப்படி வழியை மூடுகிற வேலை அநேகமாக இல்லை. பஸ் விடுகிற 'டிஸ்ஸ்' பிரேக் காற்று. அதை டேர்போ என்று சொல்லி என்னோடு சண்டை பிடித்த ஒரு பச்மேற் இருக்கிறான். வாசிப்பான்.

அண்ணா டவுனில் ஒரு கராஜில் விட்டுச் செய்தது இதுதான்: பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றியாச்சு, ரெசனேற்றரைக் கழற்றி அந்த ஓட்டையை அடைச்சாச்சு, குழாயின் வாயில் கூம்பு மாதிரி ஒரு திறந்த பில்டர். சிவப்பு நிறம். அரை நாள் வேலை. வால்வில் கை வைக்கவில்லை. காற்றை அளக்கிற சென்சர் உள்ள எஞ்சினில், அளந்து உள்ளே எடுத்த காற்றை வெளியே ஊதிவிட்டால் கொம்பியூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் விடும், கறுப்புப் புகை வரும், பிறகு வருடாந்தப் புகைப் பரிசோதனையில் நிற்க வேண்டி வரும் என்று கராஜ் அண்ணையே சொல்லியிருக்கிறார். நல்ல மனிசன்.

பண்ணை வீதியில் முதல் ஓட்டம் நானும் போனேன். மிதித்தவுடன் சீற்றுக்குக் கீழிருந்து அது எழும்பியது. முந்தி இருந்த எவ்ரி ஒரு தையல் மெசின். இப்ப அதுக்கு நெஞ்சு வந்திருந்தது. காலை விட்டால் ஒரு பெருமூச்சு. இரண்டு பக்கமும் கடல், களங்கண்டித் தடிகள், அதில் கொக்கு, யன்னல் திறந்திருக்கிறது, வான் மூச்சு விடுகிறது. அண்ணா சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் விடிய நாலு மணிக்கு எழும்பி இரவு எட்டு மணிக்கு வருகிறவர். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது குறைவு. இதை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சத்தம் என்றால் பெடியளின் திமிர் என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"இழுவையும் கூடியிருக்கு" என்றார். அதில்தான் பிரச்சினை தொடங்கியது. கூடவில்லை. கேட்கிறது கூடினால் ஓடுகிறதும் கூடின மாதிரி இருக்கும். காது காலுக்குப் பொய் சொல்லும். பெட்டி இருந்தபோது ஒரு குழாயால் வெளியில் இருந்து குளிர்ந்த காற்றை எடுத்தது. இப்ப திறந்த பில்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து எஞ்சினின் சூட்டையே குடிக்கிறது. 27 பாகையில் இருக்கிற காற்று 57 பாகைக்குச் சூடானால் அதன் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் பண்ணையில் நின்று பாருங்கள், எஞ்சினுக்குப் பக்கத்தில் 57 என்பது ஒரு பெரிய எண்ணே இல்லை. அமுக்கின காற்றைக் குளிராக்குகிற சாமான் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், முழுவதையும் இல்லை. ஆக, அண்ணா காசு கொடுத்து வாங்கினது சத்தம். சத்தத்துக்குக் காசு கொடுப்பது குற்றமில்லை, நாங்கள் பாட்டுக் கேட்கக் காசு கொடுக்கிறதில்லையா? இழுவை என்று சொல்லி விற்பதுதான் எனக்குச் சரியில்லை.

கம்பனிக்காரரும் இதில் யோக்கியர்கள் இல்லை என்பதையும் சொல்லிப்போட்டுப் போகிறேன். பிஎம்டபிள்யூ தன் எம்5 காரில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரால் உள்ளே விட்டது. 2015 போர்ட் மஸ்ராங்கின் டேர்போ வகையிலும் அதே. முன்பக்கம் உண்மைச் சத்தத்தைப் பெட்டி போட்டு அடைப்பார்கள், பின்பக்கம் பொய்ச் சத்தத்தைப் பாட்டுப் பெட்டியால் விடுவார்கள். எங்கட பக்கம் சைலன்சர் வாயில் சொருகுகிற அலுமினிய 'டேர்போ விசில்' ஒன்று இருக்கிறது, டேர்போவே இல்லாத வாகனத்தையும் ஊத வைக்கும். அந்த ஓட்டோக்காரரும் ஜேர்மன் கம்பனியும் செய்வது ஒரே வேலை.

சரி, எங்கட ஊருக்கு வருவோம். மண்டைதீவு யாழ்ப்பாண நகரத்துக்கு ஆகக் கிட்டின தீவு. தோட்டமும் கடலும், பனையும் மணலும். சோளகம் எழும்பினால் வீதியில் போகிற ஆளுக்குப் பல்லுக்குள் மணல் நெறிபடும். வாகனங்களின் கதவு விளிம்பு, சைலன்சர், ஆணி எல்லாம் உப்புத் தின்று இரண்டு வருடத்தில் பொரிந்துபோகும். இந்தக் காற்றைத்தான் திறந்த பில்டர் குடிக்கிறது. தூசியை மறிக்கிற பில்டருக்கு, ஈரத்தில் கரைந்து வருகிற உப்பை மறிக்கிறது கஷ்டம். கூம்பின் கழுத்தில் உள்ள வளையம் கொஞ்சம் தளர்ந்தால் மணல் பொடி பில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே போகும். செக்கனுக்கு 310 மீற்றரில் ஓடுகிற விளிம்பில் ஒரு மணல் பொடி மோதுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். அரத்தால் ராவுகிற மாதிரி. சக்கரம் தேயும், நிறை பிசகும், தண்டு ஆடும், எண்ணெய் கசியும், நீலப் புகை. டேர்போ போனால் லீசிங் மட்டும் மிஞ்சும்.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்தச் சிவப்புக் கூம்பைக் கழற்றிக் காட்டினார். சிவப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மடிப்புக்குள் எல்லாம் சாம்பல் நிற மா. நக்கிப் பார்த்தால் உப்பு இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அப்பா முற்றத்தில் நின்று சிரித்தார். "நாங்கள் எஞ்சினுக்கு வாயால ஊதின ஆக்கள்" என்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. வந்த சொட்டும் ஆனை விலை. எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில் இருந்து ஏ40 கார் வரைக்கும் மண்ணெண்ணெயில் ஓடின காலம். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். அதனால் எஞ்சின் சூடாகும் வரைக்கும் பெற்றோல்தான், அதுவும் துளிக் கணக்கில். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், சேலைன் ஏற்றுகிற குழாய், கார்புரேட்டரின் வாய்க்குள் நாலைந்து துளி, பிறகு குழாயில் வாயை வைத்து ஒரு ஊது, உடனே கிக்கர். பிடித்தால் ஓட்டம், பிடிக்காவிட்டால் திரும்ப முதலில் இருந்து. அப்பாவின் மாமா ஒருவர் ஊதி ஊதிப் பெற்றோல் வாசத்தில் சத்தி எடுப்பாராம், ஆனாலும் குழாயை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாராம். "டேர்போ எண்டு நீங்கள் இப்ப சொல்லுறது, அந்தக் காலத்தில எங்கட மாமா" என்று அப்பா சொல்ல, அண்ணாவுக்குப் புரை ஏறிவிட்டது.

சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தால், அதுவும் எஞ்சினின் மூச்சு வழியைத் திறந்து கை வைத்த வேலைதான். அவர்கள் வைத்தது ஓட வைக்க. ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, இடம்பெயர்வுக்கு. நாங்கள் வைப்பது கேட்க வைக்க. இதை வைத்து 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஒரு பிரசங்கம் வைக்கலாம். அப்பா வைக்கவில்லை. சத்தத்துக்காக எஞ்சினைத் திறக்கிற ஒரு காலம் வந்ததே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் என்றுதான் நினைக்கிறேன். கூம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. இரவு எட்டு மணிக்கு வான் சந்தியால் திரும்பி ஊருக்குள் வரும்போது, வாசலில் இருக்கிற ஆள் எழும்பி உள்ளே போய்விடுவா. முதல் கிழமை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அம்மாதான் கண்டுபிடித்தா.

எங்கட ஊர் மேடு பள்ளம் இல்லாத தட்டைத் தரை, சுற்றிவரத் தண்ணீர். இரவில் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றுக் குளிர்ந்து, அதுக்கு மேலே உள்ள காற்றுச் சூடாக இருந்தால், சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே வரும். பகலில் கேட்காத வள்ளத்து எஞ்சின் இரவில் காதுக்குள் கேட்பது அதனால்தான். 1990 இல் இடம்பெயர்ந்து போய், பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்த ஊர் இது. கன பேர் திரும்பவே இல்லை. திருவெண்காட்டுப் பிள்ளையார் கோயில் பக்கம் போனாலும் சரி, கடற்கரைப் பக்கம் போனாலும் சரி, கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிற வீடுகள் இருக்கும். மறிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு விசில் எவ்வளவு தூரம் போகும்.

அம்மம்மாவின் வயதுக்காரர் சத்தத்தைப் படித்தவர்கள். சியாமாச்செட்டி ஒரு சத்தம், சகடை ஒரு சத்தம், ஹெலி ஒரு சத்தம். பிறகு கிபிர் வந்தது, அது சத்தம் கேட்கும்போது ஏற்கனவே தலைக்கு மேலே நிற்கும். எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் இறங்க வேண்டும், எதுக்குச் சமைத்துக்கொண்டு இருக்கலாம் என்பது அவர்களின் காதுக்குத் தெரிந்திருந்தது. தூரத்தில் மெல்லிசாகத் தொடங்கி, கூர்மையாகி, கிட்டக் கிட்ட வருகிற ஒரு ஊதல். டேர்போவை ரசிக்கிற எல்லாருக்கும் பிடித்தது சரியாக அந்த ஏற்றம்தான். அதே ஏற்றம் அம்மம்மாவின் உடம்புக்கு வேறு எதையோ சொல்லுகிறது. அவவிடம் கேட்டால் "சீ, அப்பிடி ஒண்டுமில்லை மோனை, நுளம்பு" என்பா.

இன்னொரு ஆளும் இந்தச் சத்தத்தின் மற்றப் பக்கத்தில் நிற்கிறாள்: ஸ்கூட்டியில் பண்ணை வீதியால் வருகிற பெட்டை. நான் அதில் ஒருத்தி. பின்னால் இருந்து ஒரு கார் கிட்ட வந்து, சரியாகப் பக்கத்தில் வரும்போது காலை எடுத்து 'ப்ஷ்ஷ்' விட்டுப்போட்டுப் போவது ஒரு பகிடி. அவர்களுக்கு ஒரு செக்கன். எனக்கு ஒரு பக்கம் கடல், கைப்பிடி ஆடுகிறது, முழங்கால் நடுங்குகிறது. இந்த வகைக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். அண்ணாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆர் அவங்கள்?" என்றார். ஆர் என்று தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள், உங்களுக்கும் அதே சாமான்தானே இருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸ் பஸ், ஓட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டின சாமான்களைக் கழற்றச் சொன்னபோது ஊரே அதைப் பற்றிக் கதைத்தது. சைலன்சரும் ஹோர்னும் வெளியே தெரியும். சீற்றுக்கு அடியில் இருக்கிற பில்டர் யாருக்கும் தெரியாது. இதைச் சட்டம் வந்து தீர்க்கும் என்று நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. வீட்டுக்குள் பேச வேண்டிய விசயம்.

பேசினோம். நான் கேட்டது முழுதாகக் கழற்றச் சொல்லி இல்லை. பெட்டி திரும்ப வரட்டும், கடதாசி பில்டர் வரட்டும், காற்று பழைய குழாயால் வெளியில் இருந்து வரட்டும். ரெசனேற்றர் மட்டும் வெளியே இருக்கட்டும். இப்படிச் செய்தால் விசிலில் ஒரு பங்கு கேட்கும். உள்ளே இருக்கிற ஆளுக்கு நல்லாக் கேட்கும், வெளியே நிற்கிறவருக்கு அவ்வளவாகக் கேட்காது. மணலும் உப்பும் பழையபடி பெட்டிக்குள் நிற்கும். இணையத்தில் இந்த வேலை செய்கிறவர்களில் கொஞ்சம் பொறுமைசாலிகள் செய்வது இதைத்தான், எங்கட வேலைக்கும் இதுதான் பொருத்தம். மாரி தொடங்கி வீதியில் தண்ணீர் நிற்கும்போது திறந்த கூம்பு தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சினே போய்விடும் என்ற ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் வேலை செய்தது அந்தக் காரணம்தான். அம்மம்மாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை, ஆனால் பெட்டியைப் பூட்டின அன்றைக்கு அண்ணா எட்டு மணிக்குச் சந்தியில் திரும்பும்போது காலை மிதிக்காமல் மெல்ல வந்தார். அதுக்குப் பிறகும் அப்படித்தான் வருகிறார். பண்ணை வீதியில் ஆள் இல்லாத நேரம் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும், நானும் சில நேரம் பக்கத்துச் சீற்றில் இருப்பேன்.

சிவப்புக் கூம்பைக் கழுவிக் காயவைத்து ஆரோ ஒரு பெடியனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாயிற்று. அவன் இருப்பது கோண்டாவில், உப்புக் காற்று இல்லை. ரெசனேற்றர் அம்மம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே, பழைய பெற்றோல்மக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் கிடக்கிறது. லீசிங் முடிந்து வானை விற்கும்போது திரும்பப் பூட்டிக் கொடுக்க வேண்டுமாம், எறியக்கூடாதாம்.